லாகோஸ் பங்குச்சந்தை: தரகர்களின் கடனும் மக்களின் சுமையும்

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் பொருளாதார வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆப்பிரிக்கக் கண்டத்தில் மக்கள்தொகை மிகுந்த நாடு நைஜீரியா. அந்நாட்டின் 2012 ஆம் ஆண்டு இரண்டு அறிவிப்புகளுக்கிடையே கழிந்தது. முதல் அறிவிப்பு ஜனவரி 1 அன்று வந்தது. பெட்ரோல் மானியம் முற்றாக நீக்கப்பட்டது. லிட்டர் 65 நைராவாக இருந்த விலை ஒரே இரவில் 141 நைராவாக உயர்ந்தது. மானியச் சுமையை இனிமேலும் அரசுக் கருவூலம் தாங்காது என்பதே ஆட்சியாளர்கள் கூறிய காரணம். ஜனவரி 9 அன்று தொழிற்சங்க மையங்களின் அறைகூவலை ஏற்று நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒரு வாரம் நாடு அசையவில்லை. இறுதியில் அரசு ஓரளவு பின்வாங்கி விலையை 97 நைராவாக நிர்ணயித்தது.

இரண்டாவது அறிவிப்பு டிசம்பரில் வந்தது. 84 பங்குத் தரகு நிறுவனங்கள் செலுத்த வேண்டியிருந்த 2,260 கோடி நைரா கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. பங்குப் பரிவர்த்தனைக் கட்டணங்கள் மீதான முத்திரைத் தீர்வையும் மதிப்புக்கூட்டு வரியும் நீக்கப்படும் என்றும் கூறப்பட்டது. ஜனவரியில் மானிய வெட்டுக்கு வாதாடிய அதே நிதியமைச்சர்தான், உலக வங்கியின் நிர்வாக இயக்குநராகப் பணியாற்றிவிட்டு வந்த அதே அமைச்சர்தான், டிசம்பரில் இச்சலுகைகளை அறிவித்தார்.

பேருந்துப் பயணிக்கும் மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் படிக்கும் மாணவனுக்கும் இல்லாத பணம் தரகர்களுக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் கடன் எப்படி உண்டாயிற்று? இந்தக் கேள்விகளுக்கு விடை காண லாகோஸ் பங்குச்சந்தையின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். தனிப்பட்ட சில மோசடிக்காரர்களின் கதையாக மட்டும் அதைப் பார்த்தால் பாடம் கிடைக்காது. நிதி மூலதனம் பின்தங்கிய நாடுகளில் எப்படி இயங்குகிறது என்பதை அறிய அது ஒரு தெளிவான கண்ணாடி.

கொடிக்கு முன் பிறந்த சந்தை

நைஜீரியா பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்டது 1960 அக்டோபர் 1 அன்று. லாகோஸ் பங்குச்சந்தை பதிவு செய்யப்பட்டதோ அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று. புதிய கொடி ஏறுவதற்குப் பதினாறு நாட்களுக்கு முன்பே சந்தை பிறந்துவிட்டது. 1961 இல் 19 பத்திரங்களுடன் வணிகம் தொடங்கியது. 1977 டிசம்பரில் அது நைஜீரியப் பங்குச்சந்தை எனப் பெயர் மாற்றம் பெற்றது.

உற்பத்தி வளர்ந்து, உள்நாட்டுத் தொழில்கள் பெருகி, அவற்றின் தேவையால் எழுந்த சந்தை அன்று இது. வெளியேறும் காலனிய நிர்வாகமும் உருவாகிவந்த உள்நாட்டு மேட்டுக்குடியும் சேர்ந்து மேலிருந்து அமைத்த நிறுவனம். பெரும் வணிகம், வங்கி, சிமெண்ட், மதுபானம், எண்ணெய் விநியோகம் ஆகிய எல்லாத் துறைகளிலும் அன்று கோலோச்சியவை அந்நிய நிறுவனங்களே.

1972 இல் இராணுவ ஆட்சி ஓர் ஆணை பிறப்பித்தது. சில துறைகள் நைஜீரியர்களுக்கு மட்டுமே என ஒதுக்கப்பட்டன. வேறு சில துறைகளில் அந்நிய நிறுவனங்கள் தம் பங்குகளில் ஒரு பகுதியை நைஜீரியர்களுக்கு விற்க வேண்டும் எனப்பட்டது. 1977 இன் ஆணை அந்த அளவை மேலும் உயர்த்தியது. ஏகாதிபத்தியத்தின் பிடியை உடைக்கும் நடவடிக்கையாகவே அது மக்களிடம் எடுத்துச் செல்லப்பட்டது. நடந்தது என்ன? பங்குகளை வாங்கப் பணம் வைத்திருந்தவர்கள் யார்? உயர் அதிகாரிகள், இராணுவத் தளபதிகள், வங்கிக் கடன் எளிதில் கிடைத்த வணிகர்கள். பங்குகள் அவர்கள் கைக்குப் போயின. தொழில்நுட்ப ஒப்பந்தம், நிர்வாக ஒப்பந்தம், பினாமி உடைமை ஆகியவற்றின் வழியாகக் கட்டுப்பாடு அந்நிய மூலதனத்திடமே தங்கியது. 1995 இல் அந்த ஆணைகளும் திரும்பப் பெறப்பட்டன.

உடைமையை நாட்டுடைமை ஆக்குவது வேறு. பங்குச்சந்தை வழியாக உள்நாட்டுச் செல்வந்தர்களிடம் பகிர்ந்தளிப்பது வேறு. முன்னது வர்க்க உறவை மாற்றும் வாய்ப்பைத் திறக்கிறது. பின்னது அந்நிய மூலதனத்துக்கு உள்நாட்டுக் கூட்டாளிகளைத் தேடித் தருகிறது.

வங்கியும் தரகரும்

1986 இல் கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டம் நைஜீரியா மீது சுமத்தப்பட்டது. நாணய மதிப்பிறக்கம், மானிய வெட்டு, பொதுத்துறை விற்பனை என வழக்கமான மருந்துச்சீட்டு. அரசு நிறுவனங்களின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 2004 ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் தொழிலாளரின் முதுமைக்காலச் சேமிப்பைத் தனியார் நிதி மேலாளர்களிடம் ஒப்படைத்தது. அதில் ஒரு பகுதிக்குப் பங்குச்சந்தையின் கதவு திறந்தது.

அதே 2004 இல் மத்திய வங்கி மற்றோர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு வங்கியும் தன் குறைந்தபட்ச மூலதனத்தை 200 கோடி நைராவிலிருந்து 2,500 கோடி நைராவாக உயர்த்த வேண்டும். கெடு 2005 டிசம்பர் 31. கெடு முடிந்தபோது 89 வங்கிகள் 25 ஆகச் சுருங்கியிருந்தன. மூலதனம் குவிவதும் ஒருங்கு திரள்வதும் பற்றி மார்க்ஸ் விளக்கிய போக்கு, இங்கே அரசாணையின் துணையோடு பதினெட்டே மாதங்களில் நடந்தேறியது.

இந்த மூலதனத்தைத் திரட்ட வங்கிகள் அனைத்தும் பங்குச்சந்தைக்கு வந்தன. தொலைக்காட்சியிலும் சுவரொட்டிகளிலும் பங்கு வெளியீட்டு விளம்பரங்கள். ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் சந்தைப் பெண் வணிகர்களும் சேமிப்பை எடுத்து வங்கிப் பங்கு வாங்கினர். ஆனால் மக்களின் சேமிப்பு மட்டும் வங்கிகளுக்குப் போதவில்லை. எனவே அவை தரகு நிறுவனங்களுக்கும் பெரும் ஊக வணிகர்களுக்கும் கடன் கொடுத்தன. அந்தக் கடனைக் கொண்டு அவர்கள் வாங்கியது பெரும்பாலும் வங்கிப் பங்குகளை! பங்கின் விலை ஏறிற்று. ஏறிய விலையைக் காட்டி அடுத்த வெளியீடு வந்தது. அதை வாங்க மேலும் கடன் கொடுக்கப்பட்டது.

இதன் இயக்கத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு தரகரிடம் சொந்தப் பணம் 100 நைரா இருக்கிறது. வங்கியில் 200 கடன் பெற்று 300 நைராவுக்குப் பங்கு வாங்குகிறார். அந்தப் பங்குகளே கடனுக்கு ஈடு. விலை மூன்றில் ஒரு பங்கு ஏறினால் பங்குகளின் மதிப்பு 400. கடன் போகக் கையில் 200. அதாவது சொந்தப் பணம் இரு மடங்கு. விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் மதிப்பு 200. கடனைக் கழித்தால் கையில் ஒன்றுமில்லை. அதற்கும் கீழே இறங்கினால் இழப்பு வங்கிக்கு. வங்கியின் பணம் யாருடையது? வைப்புத்தொகை போட்டவருடையது. இலாபம் தரகருக்கு, இடர்ப்பாடு மக்களுக்கு என்ற ஏற்பாடு இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

மத்திய வங்கியின் ஆளுநராகப் பின்னர் வந்த சனுசி லமிடோ சனுசி 2010 இல் வெளிப்படையாகவே சில உண்மைகளைக் கூறினார். ஒரு வங்கியின் பங்கு மூலதனத்தில் 30 சதவீதம் வாடிக்கையாளர் வைப்புத்தொகையைக் கொண்டே வாங்கப்பட்டிருந்தது. மற்றொரு வங்கி தன் பங்கு வெளியீட்டில் 80 சதவீதத்தை வைப்புத்தொகையைக் கொண்டு தானே வாங்கிக்கொண்டது. சந்தையில் 11 நைராவுக்குக் கிடைத்த பங்குக்கு 25 நைரா கொடுத்தது. பின்னர் அந்தப் பங்கின் விலை 3 நைராவுக்கும் கீழே போயிற்று.

மூலதனம் நூலின் மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் கற்பனை மூலதனம் பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பங்குப் பத்திரம் என்பது எதிர்கால உபரி மதிப்பில் பங்கு கோரும் உரிமைச் சீட்டு. அச்சீட்டின் விலை உற்பத்தியிலிருந்து விலகித் தனக்கென ஒரு வாழ்வு பெற்றதுபோல் ஏறி இறங்கும். ஏறும்போது செல்வம் பெருகியதாகத் தோன்றும். ஆனால் ஓர் ஆலைகூடக் கூடியிராது. நைஜீரியாவில் கூடவில்லை என்பது மட்டுமன்று, குறைந்தது. சந்தை உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த 2007 அக்டோபரில்தான் கடுனா நகரின் புகழ்பெற்ற யுனைடெட் நைஜீரியன் டெக்ஸ்டைல்ஸ் ஆலை மூடப்பட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர் வீதிக்கு வந்தனர். மின்சாரமில்லாத நாட்டில் ஆலை ஓட்ட வழியில்லை. பங்கு வாங்கக் கடனோ தாராளம்.

சரிவு

2005 இறுதியில் சுமார் 24,000 புள்ளிகளாக இருந்த லாகோஸ் குறியீட்டெண், 2007 இறுதியில் சுமார் 58,000 ஆகியது. 2008 மார்ச் 5 அன்று 66,371 என்ற உச்சத்தைத் தொட்டது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் மொத்தச் சந்தை மதிப்பு 12 லட்சம் கோடி நைராவைத் தாண்டியது. அதில் பாதிக்கும் மேல் வங்கிகளுடையது.

பிறகு அந்நிய முதலீட்டாளர்கள் வெளியேறத் தொடங்கினர். அமெரிக்காவில் நெருக்கடி முற்றியிருந்தது. தங்கள் நாட்டு இழப்பை ஈடுகட்ட அவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. ஜூலையில் பீப்பாய் 147 டாலருக்குப் போன கச்சா எண்ணெய், டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. எண்ணெய் வருவாயை நம்பி நிற்கும் பொருளாதாரத்துக்கு அது இரண்டாவது அடி. வங்கிகள் தரகர்களிடம் கடனைத் திருப்பிக் கேட்டன. தரகர்கள் பங்குகளை விற்றனர். விற்க விற்க விலை விழுந்தது. விழ விழ மேலும் விற்க வேண்டியதாயிற்று.

அப்போது சந்தை நிர்வாகம் ஒரு விசித்திரமான விதி கொண்டுவந்தது. 2008 ஆகஸ்டில், ஒரு நாளில் எந்தப் பங்கின் விலையும் 1 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது, ஆனால் 5 சதவீதம் வரை ஏறலாம் என அறிவிக்கப்பட்டது. விலை இறங்காவிட்டால் வாங்க ஆள் வராது. ஆள் வராவிட்டால் விற்க முடியாது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகவோ மருத்துவச் செலவுக்காகவோ பங்கை விற்க வந்த சிறு சேமிப்பாளர் விற்கவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல் தவித்தார். சுதந்திரச் சந்தையின் புகழ் பாடியவர்களே தங்களுக்கு ஆகாத வேளையில் சந்தையின் கதவைச் சாத்தினர். சில வாரங்களில் விதி திரும்பப் பெறப்பட்டது, சரிவு தொடர்ந்தது. 2008 இறுதியில் குறியீட்டெண் சுமார் 31,000. 2009 தொடக்கத்தில் 20,000 க்கும் கீழே.

காப்பாற்றப்பட்டவர் யார்?

2009 ஆகஸ்ட் 14 அன்று மத்திய வங்கி ஐந்து வங்கிகளின் தலைமை நிர்வாகிகளைப் பதவி நீக்கி, அவ்வங்கிகளில் 42,000 கோடி நைராவைச் செலுத்தியது. அக்டோபரில் மேலும் மூன்று வங்கித் தலைவர்கள் நீக்கப்பட்டனர். 20,000 கோடி நைரா செலுத்தப்பட்டது. ஆக மொத்தம் 62,000 கோடி. ஒரு வங்கியின் தலைமை நிர்வாகி குற்றத்தை ஒப்புக்கொண்டு 19,000 கோடி நைராவுக்கும் மேற்பட்ட சொத்துகளை இழந்தார். கிடைத்த தண்டனை ஆறு மாதச் சிறை.

2010 இல் வங்கிகளின் வாராக்கடன்களை வாங்குவதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. தரகர்களின் கடன்களும் அதன் தலையில் வந்து சேர்ந்தன. 2,260 கோடி நைரா தள்ளுபடியின் வேர் இதுதான்.

சிறு பங்குதாரர்களின் கதி வேறு. 2011 ஆகஸ்ட் 5 அன்று மூன்று வங்கிகளின் உரிமம் இரத்து செய்யப்பட்டு அவற்றின் சொத்துகள் புதிய வங்கிகளுக்கு மாற்றப்பட்டன. பழைய பங்குகள் வெறும் காகிதமாயின. விளம்பரத்தை நம்பி வாங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியருக்குத் தள்ளுபடி இல்லை, சலுகை இல்லை, அறிவிப்பு இல்லை.

தரகு நிறுவனங்களைக் கண்காணித்தது யார்? பங்குச்சந்தை அன்று தரகர்களின் உறுப்பினர் சங்கமாகவே இயங்கியது. அவர்களை ஒழுங்குபடுத்த வேண்டிய அமைப்பு அவர்களுடையது. 2009 இல் அதன் ஆட்சிமன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரோ சிமெண்ட், சர்க்கரை, மாவுத் தொழில்களின் ஏகபோக அதிபரான அலிகோ டாங்கோட்டே. பட்டியலில் உள்ள நிறுவனங்களின் உரிமையாளரே பட்டியலுக்குக் காவலர்! 2010 ஆகஸ்டில் அரசின் ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டுச் சந்தையின் தலைமை நிர்வாகியையும் ஆட்சிமன்றத் தலைவரையும் அகற்றியது. அதற்குத் தரப்பட்ட தீர்வு என்ன? பொதுக் கட்டுப்பாடு அன்று. 2021 இல் சங்கம் இலாப நோக்குக் குழுமமாக மாற்றப்பட்டது. தரகர்கள் அதன் பங்குதாரர் ஆயினர். அதே ஆண்டு அந்தக் குழுமத்தின் பங்குகளே அதன் சந்தையில் விற்பனைக்கு வந்தன. சூதாட்டக் கூடத்தையும் ஒரு சீட்டாக்கி மேசையில் போட்டுவிட்டனர்.

புதிய உச்சம், பழைய வர்க்கம்

இன்றைய லாகோஸ் சந்தையின் மதிப்பில் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களிடம் குவிந்திருக்கிறது. டாங்கோட்டே சிமெண்ட் 2010 இலும், தென்னாப்பிரிக்க எம்டிஎன் குழுமத்தின் நைஜீரிய நிறுவனமும் ஏர்டெல் ஆப்பிரிக்காவும் 2019 இலும் பட்டியலில் இடம்பெற்றன. எம்டிஎன் பட்டியலுக்கு வந்த கதை குறிப்பிடத்தக்கது. பதிவு செய்யப்படாத சிம் கார்டுகளுக்காக 2015 இல் அதன் மீது 1.04 லட்சம் கோடி நைரா அபராதம் விதிக்கப்பட்டது. பேரத்துக்குப் பின் அது 33,000 கோடியாகக் குறைந்தது. உள்நாட்டுச் சந்தையில் பட்டியலிட வேண்டும் என்பது அந்த உடன்பாட்டின் ஒரு நிபந்தனை. 2019 இல் அது பட்டியலிடப்பட்டபோது பொதுமக்களுக்கு ஒரு பங்குகூடப் புதிதாக விற்கப்படவில்லை.

ஏர்டெல் ஆப்பிரிக்கா என்ற பெயர் இந்திய உழைக்கும் மக்களுக்கு அந்நியமானதன்று. பார்தி ஏர்டெல் 2010 இல் ஸைன் நிறுவனத்திடமிருந்து 15 ஆப்பிரிக்க நாடுகளின் தொலைபேசித் தொழிலை 1,070 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் வழிவந்த நிறுவனம் முதலில் லண்டனிலும் பிறகு லாகோசிலும் பட்டியலிடப்பட்டது. இந்தியப் பெருமுதலாளிகள் உள்நாட்டில் சுரண்டுவோர் மட்டுமல்லர். மூலதன ஏற்றுமதி மூலம் ஆப்பிரிக்க மக்களின் உழைப்பிலும் பங்கு பெறுவோர். ஏகாதிபத்தியம் குறித்த லெனினின் ஆய்வைப் படிப்போர் இந்த உண்மையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2023 மே 29 அன்று பதவியேற்ற குடியரசுத் தலைவர் போலா டினுபு, பதவியேற்பு உரையிலேயே பெட்ரோல் மானியம் முடிந்தது என அறிவித்தார். மறுநாள் லாகோஸ் குறியீட்டெண் 5 சதவீதத்துக்கும் மேல் ஏறிற்று. இருநூறு நைராவுக்கும் குறைவாக இருந்த பெட்ரோல் சில நாட்களில் ஐந்நூறைத் தொட்டது. 2024 ஜனவரியில் குறியீட்டெண் வரலாற்றில் முதன்முறையாக 1,00,000 ஐத் தாண்டியது. அதே ஆண்டு ஜூனில் உணவுப் பணவீக்கம் 40 சதவீதத்தையும் தாண்டியது. சந்தையின் கொண்டாட்டமும் அடுப்பங்கரையின் துயரமும் ஒரே கொள்கையின் இரு முகங்கள். ஆனால் அந்த ஜூனில்தான் தொழிற்சங்கங்கள் மீண்டும் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கின. மாதம் 30,000 நைராவாக இருந்த குறைந்தபட்ச ஊதியம் ஜூலையில் 70,000 ஆக உயர்த்தப்பட்டது. விலைவாசிக்கு முன் அது போதாத தொகைதான். எனினும் அது பங்குச்சந்தை தந்ததன்று, போராட்டம் பெற்றது.

இந்தியத் தொழிலாளி வர்க்கத்துக்கு

லாகோஸ் எங்கோ இருக்கிறது என்று எண்ணுவோர் 1992 ஐ நினைவுகூர வேண்டும். இந்தியாவிலும் வங்கிகளின் பணம் தரகர் கைக்குப் போய், பங்கு விலையை வானுக்கு ஏற்றி, பிறகு வீழ்ந்தது. நைஜீரியாவின் ஓய்வூதியச் சட்டம் வந்த அதே 2004 இன் ஜனவரி 1 முதல் மத்திய அரசின் புதிய ஊழியர்களுக்குச் சந்தை சார்ந்த ஓய்வூதியம் திணிக்கப்பட்டது. 2015 இல் தொழிலாளர் வருங்கால வைப்புநிதியின் புதிய வரவில் 5 சதவீதம் பங்குச்சந்தைக்குத் திருப்பிவிடப்பட்டது. அது படிப்படியாக 15 சதவீதமாக உயர்ந்தது. 2022 மே மாதம் 949 ரூபாய்க்கு விற்கப்பட்ட எல்ஐசி பங்கு, பட்டியலிட்ட முதல் நாளிலேயே அதற்குக் கீழே இறங்கியது.

பொதுத்துறை வங்கிகள் பெரும்பான்மையாக இருப்பதால் இந்தியாவில் வைப்புத்தொகை இன்னும் ஓரளவு பாதுகாப்பாக இருக்கிறது. அந்த அரணைத்தான் தகர்க்க முயல்கிறார்கள். வங்கி இணைப்பு, பங்கு விற்பனை, சிறு சேமிப்பு வட்டிக் குறைப்பு ஆகிய ஒவ்வொன்றும் மக்களின் சேமிப்பைச் சந்தையை நோக்கித் தள்ளும் நடவடிக்கையே.

எனவே கட்சி உறுப்பினர்களின் கடமை தெளிவானது. வருங்கால வைப்புநிதியும் ஓய்வூதியமும் பங்குச்சந்தையிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும், வரையறுக்கப்பட்ட ஓய்வூதியம் மீட்கப்பட வேண்டும், வங்கியும் காப்பீடும் பொதுத்துறையில் நிலைக்க வேண்டும் என்ற கோரிக்கைகளை ஆலைவாயிலுக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுசெல்ல வேண்டும். கைப்பேசியில் பங்கு வாங்கும் இளம் தொழிலாளியிடம் ஏளனமாகப் பேசிப் பயனில்லை. ஊதியம் உயராத காலத்தில் அவர் வேறு வழி தேடுகிறார். அவரிடம் அந்த 100 நைரா கணக்கைப் பொறுமையாகச் சொல்லுங்கள். ஏறும்போது யார் எடுத்தார்கள், இறங்கும்போது யார் கொடுத்தார்கள், இறுதியில் யாருடைய கடன் தள்ளுபடியாயிற்று என்று கேளுங்கள். விடையை அவரே சொல்வார். அந்த விடையிலிருந்து சங்கத்துக்கும் போராட்டத்துக்கும் அவரை அழைத்துவருவதே மீதமுள்ள பணி.